லிஃப்டுக்குள் நடந்த உபதேசம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர், தன் மனைவியின் அண்ணனை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்தி மாட்டிவைத்து, தானும் உள்ளேயே நின்று, குடியை விடச் சொல்லி ஒரு மணி நேரம் உபதேசம் செய்தார் என்று எங்கள் தெருவெல்லாம் பேச்சு. சொன்ன எல்லோரும் நேரில் பார்த்தவர்கள். அத்தனை பேர் பார்த்திருக்க வேண்டுமானால் அந்தப் படிக்கட்டு ஒரு மைதானமாக இருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் மாட்டிக்கொண்ட அண்ணனிடமே கேட்டேன். பெயிண்ட் கடையில் நிறம் கலக்கித் தருபவர்.

"வேணும்னேதான் நிறுத்தினாரு சார். நான் ஏதோ எப்பவாவது கொஞ்சம் எடுத்துக்குறவன். அதுக்குப் போய் இவ்வளவு அறிவுரை!"

"அவரும் உள்ளதானே இருந்தாரு? உள்ள இருந்துக்கிட்டு எப்படி நிறுத்துவாரு?"

அவர் ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தார். "அதெல்லாம் தொழில் ரகசியம் சார்." குலுக்கல் நிற்பதாகத் தெரியவில்லை. வந்துவிட்டேன்.

லிஃப்ட்காரரை ஒரு மருத்துவமனையின் மொட்டைமாடியில், மோட்டார் அறைக்குள் பிடித்தேன். கிரீஸ் கையோடு பேசினார். உபதேசம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்தது.

அவர் வருடக்கணக்காகக் குடித்தவர். அந்தக் காலம் முழுக்க அவரிடம் ஒரே ஒரு கொள்கை இருந்தது: இன்னிக்கு மட்டும். இன்னிக்கு மட்டும் குடிச்சுக்கிறேன், நாளையிலேர்ந்து கிடையாது. ஒருநாள் குடித்துவிட்டு லிஃப்ட் பெட்டியின் கூரை மேலேயே படுத்துத் தூங்கிவிட்டார். யாரோ பொத்தானை அமுக்க, தூங்கியபடியே ஐந்தாம் மாடி வரை போய்த் திரும்பியிருக்கிறார். நசுங்காமல் வந்ததை எல்லோரும் அதிசயமாகப் பேசினார்கள். மனைவி பேசவில்லை. துணிகளை எடுத்துக்கொண்டு, அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கட்டடத்துக்காரர்களும் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான், குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடும் கூட்டத்துக்குப் போனார். பள்ளிக்கூட வகுப்பறை. பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கிச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் 'இன்று மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. இவருக்குப் பகீரென்றது. "நம்ம வசனத்தை இவங்க எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு தோணுச்சு சார்." பிறகுதான் விளங்கியதாம்: அதே வாக்கியம்தான், இன்று மட்டும் குடிக்க வேண்டாம் என்கிறார்கள். ஆயுள் முழுக்கத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னால் எழுந்து போயிருப்பார். அந்தச் சத்தியம் அவரிடம் நிறைய ஸ்டாக் இருந்தது.

அன்று பேசியவர் இன்னொன்றும் சொன்னார்: "குடிங்கிறது கீழே மட்டும் போற லிஃப்ட். அடிமட்டம் வரைக்கும் போகணும்னு அவசியமில்ல. எந்த மாடியில வேணும்னாலும் இறங்கிக்கலாம்."

லிஃப்ட்காரர் கை தூக்கினார். "சார், கீழே மட்டும் போற லிஃப்ட்னு ஒண்ணு கிடையாது. அப்புறம், மாடிக்கு நேரா நின்னாத்தான் கதவு திறக்கும். நடுவுல நின்னா இறங்க முடியாது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வெளியில இருக்கிற ஆளு வந்து எடுத்து விடணும்."

"அதுக்குத்தான் இந்தக் கூட்டம்," என்றாராம் அவர். இவருக்குக் கோபம். சரியான பதிலைக் கண்டுபிடித்துச் சொல்ல அடுத்த வாரமும் போனார். பதில் இன்னும் கிடைக்கவில்லை. போய்க்கொண்டே இருக்கிறார். 'மீண்டும் வாருங்கள்' என்று அங்கே சொல்வதும் இதைத்தான் போலிருக்கிறது. நம்பிக்கையோடுதான் வர வேண்டும் என்றில்லை, சண்டை போட வந்தாலும் வந்தது வந்ததுதான்.

சில மாதம் கழித்து மனைவி சொல்லியனுப்பினார்: ஒருமுறை வந்து பேசட்டும். வாடை வந்தால் வாசலோடு சரி, அதற்குப் பிறகு இந்தப் பேச்சே கிடையாது.

சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். கீழே மச்சான் பையோடு நின்றிருந்தார். "வாங்க மாப்ளே, சேர்ந்தே போவோம்." பழைய லிஃப்ட், இழுத்து மூடும் கம்பிக் கதவு. இரண்டாம் மாடி தாண்டியதும் நின்றது.

மச்சானுக்கு மூடிய இடம் என்றால் உயிர் போய்விடும். பைக்குள் இருந்து பாட்டிலை எடுத்தார். "ஒரு வாய் போட்டா தைரியம் வரும் மாப்ளே. நீங்களும் போடுங்க." அவசரமாகச் சாய்த்ததில் பாதி அவர் வாய்க்குள் போனது, மீதி லிஃப்ட்காரரின் இஸ்திரி போட்ட சட்டை மேல் கொட்டியது.

ஒரு ஆள் நிற்கிற பெட்டிக்குள் இரண்டு பேர், ஒரு பாட்டில், மூக்குக்குக் கீழே வாடை. லிஃப்ட்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, தெரிந்த வாசகத்தை எல்லாம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். "இன்னிக்கு மட்டும்! முதல் கிளாஸைத் தொடாதே! நிதானம்!" அவர் பேசியது மச்சானோடு அல்ல, மச்சான் கையில் இருந்த பாட்டிலோடு. கம்பிக் கதவு ஆனதால் எல்லா மாடிக்கும் கேட்டது. இதுதான் அந்த உபதேசம்.

கண்ணைத் திறந்தபோது, மூன்றாம் மாடித் தரை அவர் நெற்றிக்கு நேரே இருந்தது. அதன் மேல் மனைவியின் செருப்பு.

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"வாடை படிக்கட்டு வரைக்கும் வருது."

"வரும்." கதவின் மேல்பக்கம் பார்த்தார். அங்கேதான் கதவு மூடியதை மோட்டாருக்குச் சொல்லும் சுவிட்ச். அது தளர்ந்து போயிருந்த காலத்தில், மாற்றச் சோம்பல்பட்டு, ஒரு தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகிவிட்டுக் குடிக்கப் போனவர் இவரே. அட்டை இப்போது தரையில் கிடந்தது; கதவு திறந்திருப்பதாக நினைத்து மோட்டார் நின்றுவிட்டது.

"இது நின்னதுக்கும் நான்தான் காரணம். அன்னிக்கு அட்டை வெச்சேன். இனி மேலேர்ந்துதான் எடுக்கணும். மோட்டார் ரூம்ல மெயினை அணைச்சிட்டு, ஒருத்தர் பிரேக் கம்பியைப் பிடிக்கணும், ஒருத்தர் சக்கரத்தைச் சுத்தணும். சாப்பாடு கொண்டு வருவியே, பார்த்திருப்ப."

செருப்பு படியேறிப் போனது.

துணைக்குப் போனவர் ஐந்தாம் மாடித் தையல்காரம்மா. முழங்கால் வலிக்காரர். "இந்த ஆளு லிஃப்டைப் பிரிச்சுப் போட்டுட்டுக் காணாமப் போனப்ப, துணி மூட்டையோட ஏறி ஏறியே என் முட்டி போச்சு. இப்ப இவரை எடுக்கவும் நானே ஏறணுமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். சக்கரத்தை அவர்தான் சுற்றினார்.

பெட்டி மூன்றாம் மாடிக்கு நேராக வந்தது. மச்சான் யாரையும் பார்க்காமல் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். மனைவி இறங்கி வந்து எதிரே நின்றார்.

"ஊதுங்க."

ஊதினார்.

"சட்டை வாடையில ஒண்ணும் தெரியல. சட்டையைக் கழட்டிட்டு ஊதுங்க."

படிக்கட்டில் அக்கம்பக்கமெல்லாம் நிற்க, பனியனோடு நின்று மறுபடி ஊதினார். மனைவி கிட்டே வந்து முகர்ந்து பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பி, "நீயும் ஊது," என்றார். அண்ணன் திடீரென்று படியேறத் தொடங்கினார்.

"நாளைக்கும் வந்து ஊதுங்க," என்றார் மனைவி கணவரிடம். அவ்வளவுதான். நாளை மறுநாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் தினமும் போகிறார், ஊதுகிறார். இப்போதெல்லாம் ஊதிய பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்கிறாராம்.

சுவிட்சை அவரே புதிதாக மாற்றினார். லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது. அவர் மட்டும் அதில் ஏறுவதில்லை. தையல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "வாயால கேட்டா ஆச்சா? நான் ஏறின அளவுக்கு நீ ஏறு, அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டார். நியாயமாகப் பட்டதால் ஒப்புக்கொண்டார். எத்தனை தடவை என்பதுதான் தகராறு. அந்த அம்மாவுக்கு எண்ணிக்கை நினைவில்லை, இவர் அப்போது போதையில் இருந்தார். போன வாரம் ஐந்தாம் மாடி வரை ஏறிப்போய், "போதுமாக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"முட்டி இன்னும் வலிக்குது தம்பி," என்றாராம் அந்த அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி.