மைக்ரான் துரை

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்ரான் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் ஒன்றுதான் மைக்ரான். அதைவிடப் பெரிதாக எதுவும் அவர் கண்ணில் படாது. குழாய் ஒழுகுவது தெரியாது, கேஸ் தீர்ந்தது தெரியாது, நான் ஒருத்தி தினமும் வேலைக்குப் போய் வருவதும் தெரியாது.

தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுஷன். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தே தானும் ஒரு இன்ஜினியர் என்ற நினைப்பு தலைக்கேறிவிட்டது. மேனேஜரிடம் முறைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வந்தார்.

"வீட்டுலயே ஒரு சிஎன்சி மிஷின் செய்யப்போறேன். கம்ப்யூட்டர்ல எழுத்தைக் குடுத்தா அதுவே மரத்துல செதுக்கிடும். பேர் போர்டு ஆர்டர் வர ஆரம்பிச்சா நீ வேலைக்கே போக வேணாம்" என்றார்.

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செய்கிறேன் என்றவர் செய்யவா தொடங்கினார்? தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். செதுக்கும் உளி மாட்டிய மிஷின் தலையை இப்படியும் அப்படியும் நகர்த்த நீளமான திருகுக் கம்பி வேண்டும். சாதாரணத் திருகு துரைக்கு ஆகாது, அதில் உரசல் அதிகமாம். பால் ஸ்க்ரூதான் வேண்டுமாம். அதன் நட்டுக்குள் பொடிப்பொடியாக இரும்புக் குண்டுகள் உருளும், விரலால் தொட்டாலே ஓடும். ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லி நகர்வதை வாங்குவதா, பத்து மில்லி நகர்வதை வாங்குவதா என்பதில் ஒரு மழைக்காலமே போயிற்று. மோட்டார் ஸ்டெப்பரா சர்வோவா என்பதில் கோடையும் போயிற்று. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கேட்லாக் விரிந்திருக்கும்.

"பத்துன்னா வேகம். அஞ்சுன்னா நுணுக்கம். நீ என்ன சொல்ற?"

"சோப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்றேன்."

காதில் விழுந்தால்தானே!

கடைசியில் பத்து மில்லியும் ஸ்டெப்பரும் ஜெயித்தன. தலையை ஏற்றி இறக்கும் மோட்டாரை மட்டும் பிரேக் வைத்ததாக வாங்கச் சொன்னார் கடைக்காரர். கரண்ட் போனால் தலை கீழே இறங்காமல் அது பிடித்துக்கொள்ளுமாம். "அவனுக்கு வியாபாரம் ஆகணும், அதான் அளக்கிறான்" என்று இவர் போனை வைத்துவிட்டார்.

பார்சல் வந்த அன்றே உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க நட்டைக் கம்பியிலிருந்து முழுதாகச் சுழற்றி எடுத்தார். குண்டுகள் அத்தனையும் பொலபொலவென்று கொட்டி வீடு முழுக்க ஓடின. சத்தம் கேட்டு வந்த நான் ஒன்றின் மேல் கால் வைத்து, இடுப்பு முறிகிற மாதிரி விழுந்தேன். ஓடிவந்தார். என்னைத் தூக்கவில்லை. என் காலடியில் கிடந்த குண்டை எடுத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இத்தனை நுணுக்கமான சாமானைப் பூட்டியது எதில் தெரியுமா? பழைய அலமாரிப் பலகைகளில். ஒரு கால் குட்டையாகிவிட்டது என்று அடியில் அட்டையை மடித்து வைத்தார். அடேங்கப்பா, மைக்ரான்!

நான் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். டாக்டர் புதுக் கட்டடத்துக்குத் தன் அம்மாவின் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். இவருக்கு ஒரு வழி பிறக்கட்டுமே என்று, பெயர்ப் பலகையை என் வீட்டுக்காரரே செதுக்கித் தருவார் என்று வாயைக் கொடுத்தேன். மறுநாளே ஒரு தேக்குப் பலகையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார் டாக்டர்.

"அம்மா கட்டிலோட தலைப்பலகை. கடைசி வரைக்கும் இதுல சாய்ஞ்சுதான் உட்கார்ந்திருப்பாங்க. வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல. உன்ன நம்பித்தாம்மா தர்றேன்."

இது கெட்டால் அந்த மேசையில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன்? முதலில் வேறு மரத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். "என் கணக்கு தப்பாது" என்றார் துரை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷினை ஓட்டினார். மறைப்பானேன், எழுத்துகள் அழகாகத்தான் விழுந்தன. ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் டாக்டரை அன்றைக்கே கூட்டிவந்து காட்டலாம் என்றுகூட நினைத்தேன். கடைசி எழுத்துக்கு வந்தபோது கரண்ட் போயிற்று.

மோட்டாருக்குப் பிடிமானம் போனதும் மிஷினின் தலை தானாக இறங்கத் தொடங்கியது. அடியிலிருந்த உளி முனை மரத்துக்குள் புகுந்தது. நான் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் தாங்கி மேலே தூக்கினேன். தண்ணீர்க் குடம் போலக் கனத்தது.

"ஏங்க, ஒரு கட்டையைக் கொண்டாங்க! அடியில முட்டுக் குடுக்கலாம்!"

வந்தார். பலகையைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூவைப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா, என்ன லேசா இறங்குது! கொஞ்சம்கூட உரசலே இல்ல!"

"என்னால தாங்க முடியலங்க. டாக்டரோட அம்மா பலகைங்க. சீக்கிரம்!"

"முதல்ல நீ கைய எடு. கண்டபடி தள்ளி அலைன்மென்ட்டக் கெடுத்துடாத. மறுபடி செட் பண்றதுக்குள்ள எனக்கு உசிரு போயிடும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டை, சமையலறைக் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் நகரவில்லை. எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. இந்த ஆளுக்காக நான் எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன் என்றுதான் தோன்றியது.

கையை எடுத்தேன்.

தலை தொப்பென்று விழுந்தது. காய்ந்துபோன பழைய தேக்கு. முனை இறங்கிய இடத்திலிருந்து படீரென்று நீளவாக்கில் பிளந்து, அந்த அம்மாவின் பெயர் மேலும் கீழுமாக இரண்டாகப் போயிற்று.

அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நல்லவேளை, ஸ்க்ரூவுக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

நான் இரண்டு துண்டையும் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தேன்.