மரத்தூள் போன வழி

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கட்டும்போது என்றாவது கார் வாங்குவோம் என்று நினைத்துக் கிழக்குப் பக்கம் ஒரு ஷெட் போட்டேன். கார் வாங்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து எழுதிவிட்டு ஓய்வு பெற்றதும் அந்த ஷெட்டில் மரவேலை செய்யத் தொடங்கினேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. யூடியூப்பில் பார்த்து, தப்பாகச் செய்து, பிரித்துத் திரும்பச் செய்து பழகியதுதான். முதலில் ஒரு கைரம்பமும் இழைப்புளியும் இருந்தன. பிறகு மோட்டார் வைத்த மேசை ரம்பமும், உப்புத்தாள் மாட்டித் தேய்க்கிற மெஷினும் வந்தன. செங்கோட்டை மரக்கடையில் வெட்டிப் போட்ட துண்டுகளாகப் பார்த்து எடுத்து வருவேன்.

கைரம்பம் உதிர்க்கிற தூள் கனமானது. காலடியிலேயே விழும், பெருக்கி அள்ளிவிடலாம். தேய்க்கிற மெஷினின் தூள் அப்படியில்லை. சலித்த மாவைவிட மெல்லியது. மெஷினை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனாலும் காற்றிலேயே நிற்கும். கதவு திறக்கிற நேரம் பார்த்து வீட்டுக்குள் வரும். சாமி படக் கண்ணாடியில், ஃபிரிஜ் தலையில், மடித்து வைத்த போர்வைகளில் எல்லாம் ஒரு பழுப்பு நிறம் படிந்தது. என் மனைவிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் இருபது, முப்பது தும்மல் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

நான் சும்மா இருக்கவில்லை. தரையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். தார்ப்பாயை இரண்டாக மடித்துத் திரை போட்டேன். ஷெட்டிலேயே சட்டையைக் கழற்றி உதறிவிட்டு உள்ளே வந்தேன். எதுவும் உதவவில்லை. ஒருநாள் மனைவி, ஆட்டி வைத்த தோசைமாவின் மேல் விரலை வைத்து எடுத்துக் காட்டினாள். அவள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. "உங்க தூசிய நீங்களே வச்சுக்கிடுங்க. வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள்.

அந்த வாரமே ஷெட்டின் கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி ஓட்டை போட்டு, ஓட்டல் அடுக்களையில் வைப்பார்களே, அந்த அளவில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஷெட்டுக்குள் மிதந்த தூள் மொத்தமும் ஒரு வால் மாதிரி நீண்டு ஓட்டை வழியாக வெளியே போவது கண்ணுக்குத் தெரிந்தது. பத்து நாளில் வீட்டுக்குள் தூசி நின்றது. மனைவியின் தும்மலும் குறைந்தது. எனக்கு ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே போய் ஒருமுறை பார்க்கவும் செய்தேன். சுவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் எட்டடி சந்து. அங்கே தூசி எதுவும் நிற்கவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் சும்மா இருப்பதில்லை, எல்லாவற்றையும் கொண்டு போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே கொண்டு போகும் என்று நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு அண்ணாச்சியும் அவர் மனைவியும் இருந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இங்கே வாடகைக்கு வந்தவர்கள். அண்ணாச்சிக்கு வரும்போதே மூச்சுத் தொந்தரவு இருந்தது. காலையில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பால் வாங்கப் போகும்போது, "என்ன தம்பி, இன்னைக்கு என்ன ஓடுது ஷெட்டுல?" என்று கேட்பார். சொன்னால் ஆர்வமாகக் கேட்டுக்கொள்வார். பேச்சின் நடுவில் நிறுத்தி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். கடைக்குப் போய்விட்டு வரும்போது என் மனைவிக்கும் சேர்த்துக் கீரை வாங்கி வந்து கொடுப்பார்.

ஃபேன் மாட்டி இரண்டாவது வருஷம் ஆனி மாதம், மதினி என் மனைவியிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அண்ணாச்சியால் இப்போது படுக்க முடிவதில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால் அரைமணி நேரத்தில் அவை சரிந்துவிடுகின்றன என்று. அதைக் கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. கட்டிலில் வைத்துச் சாய்கிற மாதிரி ஒரு பலகை, மூன்று நிலையில் உயர்த்தித் தாழ்த்தக்கூடியது, மனதிலேயே வரைந்துவிட்டேன். மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி வெளுத்த சட்டை போட்டு எங்கோ கிளம்புகிறவர் மாதிரி நின்றார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் மதினியைப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு எதுக்கு தம்பி சிரமம்" என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கட்டிலை அளக்க அவர் அறைக்குள் போனேன். அறையில் ஒரே ஒரு ஜன்னல், மேற்கே எங்கள் ஷெட்டைப் பார்த்தது. அதைச் சாத்தி, கதவு சேருகிற இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து வைத்திருந்தார்கள். சாரல் நேரத்தில் குளுகுளுவென்று காற்று வரும் ஜன்னல் அது. ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ஊதக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணாச்சி சொன்னார். நான் அளவைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய மகாகனிப் பலகைகளில் அதைச் செய்தேன். அறுக்கவும் சேர்க்கவும் இரண்டு நாள். முதுகில் சிராய் குத்தக்கூடாது என்று மூன்று நாள் தேய்த்தேன். காலையில் ஃபேனைப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவேன். அந்த வாரம் காற்றும் பலமாக இருந்தது. அருவியில் நல்ல தண்ணீர் என்று சாலையில் வண்டி வண்டியாகக் கூட்டம் போனது.

கொண்டுபோய்க் கட்டிலில் வைத்ததும் அண்ணாச்சி அதில் சாய்ந்து பார்த்தார். கையை இரண்டு பக்கமும் நீட்டி மரத்தைத் தடவினார். "கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி" என்றார். மதினி காபி கொண்டுவந்து கொடுத்தார். அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆடியில் அவருக்கு ரொம்ப முடியாமல் போனது. முதலில் தென்காசியில் சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்ததால் பேசவில்லை, கையை மட்டும் லேசாக உயர்த்தினார். ஆவணி பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினி, மகளோடு பாவூர்சத்திரத்துக்குப் போவதாக முடிவானது. சாமான்களைக் கட்ட நானும் போனேன். மகள் அடுக்களையில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் அண்ணாச்சியின் அறையில் கட்டிலைக் கழற்றினேன். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று இடுக்கிலிருந்த துண்டை இழுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெளிப்பக்கம் கொசுவலை அடித்திருந்தது. அந்த வலையில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. முழுவதும் செம்பழுப்பாக, கம்பளி ஒட்டிய மாதிரி மூடியிருந்தது. விரலால் சுரண்டினேன். மகாகனித் தூள்.

பின்னால் மதினி வந்து நின்றார். இந்தத் தூசி, என்று ஆரம்பித்தேன்.

"உங்க ஷெட்டுலேர்ந்துதான் வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஃபேன் மாட்டிய நாளிலிருந்து என்றார். தினமும் இரண்டு வேளை ஜன்னல் திட்டைத் துடைத்திருக்கிறார். துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறார். வலையைக் கழுவிக்கொண்டிருந்தவர், அண்ணாச்சிக்கு முடியாமல் போனதும் அதை விட்டுவிட்டார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லணும்னுதான் அவிய ஒருநா கிளம்புனாவ. சட்டையெல்லாம் மாட்டியாச்சு. அன்னைக்குத்தான் நீங்க டேப்போட வந்து, சாஞ்சுக்க ஒண்ணு செஞ்சு தாரேன்னிய. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுதது? நமக்காகத்தான அந்தப் பிள்ளை இந்தப் பாடு படுதான், பேசாம இருன்னுட்டாவ."

நான் கட்டிலின் மீதித் திருகுகளைக் கழற்றினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். மாடியில் துணி காயப்போடப் போகும்போதெல்லாம், மதினி சந்தில் நின்று ஜன்னலைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை மதினி நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறார். இவளும் சிரித்திருக்கிறாள். "நம்ம வீட்டுக்குள்ள வரலல்லான்னு இருந்துட்டேன்" என்றாள்.

எனக்குப் பிரஷர் பார்க்கிற டாக்டரிடம் போய்க் கேட்டேன். அரிசி ஆலையில் முப்பது வருஷம் உமித்தூசியைக் குடித்த நுரையீரல், அது என்றோ கெட்டிருக்கும் என்றார். அப்படியானால் என் தூசியால் ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படிச் சொல்ல முடியாது, ஆகியிருக்கும் என்றும் சொல்ல முடியாது, ஆனால் அந்த நிலையில் இருக்கிறவருக்கு எந்தத் தூசியும் ஆகாது என்றார். இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம் என்று போனவன், வரும்போது முன்பைவிடக் குழம்பித்தான் வந்தேன்.

ஃபேனைக் கழற்றி, ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தேன். நான்கு மாதம் ஷெட்டைத் திறக்கவில்லை. மெஷின்களை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள் மனைவிதான், இப்படி உட்கார்ந்தே இருந்தால் உங்களுக்கும் ஏதாவது வந்துவிடும், தூசி வெளியே போகாமல் செய்ய வழியே இல்லையா என்று கேட்டாள்.

வழி இருந்தது. தேடிய முதல் நாளே கிடைத்தது. கூம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பாகம் விற்கிறது. அதை மூடி போட்ட ஒரு டிரம்மின் மேல் பொருத்தி, ஒரு பக்கம் மெஷினிலிருந்து குழாயையும் மறுபக்கம் வேக்குவம் கிளீனரையும் இணைக்க வேண்டும். தூசி கலந்த காற்று கூம்புக்குள் சுழன்று இறங்கும்போது கனமான தூள் டிரம்மில் விழுந்துவிடும். மெல்லியது மட்டும் மேலே போய் வடிகட்டியில் மாட்டும். ரம்பத்துக்கு அடியில் ஒரு பெட்டி அடித்து அதற்கு ஒரு குழாய், தேய்க்கிற மெஷினின் வாயில் ஒரு குழாய். எல்லாம் சேர்த்து ஆறு நாள் வேலை. அந்த ஆறு நாளும், இதை முதல் வருஷமே செய்திருக்கலாம் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை.

இப்போது காலை எட்டு மணிக்குக் கூரைத்தகட்டின் ஆணித் துளை வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கும். மெஷினை ஓட்டிக்கொண்டே அதைத்தான் பார்ப்பேன். கோட்டில் தூள் மிதந்தால் நிறுத்திவிட்டுக் குழாய்களைச் சோதிப்பேன். அப்படியும் கொஞ்சம் மிதக்கத்தான் செய்கிறது. முகமூடி போட்டுக்கொள்கிறேன். காற்று பலமாக அடிக்கிற நாளில் மெஷினைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் போய், தூசி வந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் என்றேன். ஒன்றும் வரவில்லையே சார் என்றார்கள். உண்மையைச் சொல்கிறார்களா, சும்மா சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை சந்தில் போய் அவர்கள் ஜன்னல் திட்டை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். அவர்கள் அதை வித்தியாசமாகப் பார்க்கிறார்கள்.

தை மாதம் நானும் மனைவியும் பாவூர்சத்திரம் போனோம். மகளின் வீடு காய்கறிச் சந்தைக்குப் பின்பக்கம். மதினி மெலிந்திருந்தார். உட்கார வைத்து, ஊர்ச் செய்தியெல்லாம் விசாரித்தார். நான் மூன்று மாதமாக மனதில் எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். மன்னிச்சிருங்க மதினி என்றேன். என் மனைவி, தான் பார்த்தும் பேசாமல் இருந்ததைச் சொன்னாள்.

மதினி சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். அதை விடுங்கள் என்றார். பிறகு, எங்களிடம் இல்லாமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் அவிய ஜன்னலத் திற, ஜன்னலத் திறன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. அந்த வாரம் உங்க ஷெட்டுல சத்தமே இல்ல. நீங்க வேலையே பாக்கல. நாந்தான் தூசி வரும்னு திறக்காமலே இருந்துட்டேன்."

அந்த வாரம் நாங்கள் ஒரு கோயில் கொடை விழாவுக்காக ஊரில் இல்லை. அதை நான் சொல்லவில்லை. மகள் தட்டில் முறுக்கும் பழமும் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். மதினி பஸ் ஸ்டாப் வரை வந்து, தென்காசி பஸ் வரும்வரை எங்களோடு நின்றார். ஏறி உட்கார்ந்ததும் மனைவி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.