கறுப்புத் தண்ணீர் தெளிந்த கதை

போன வாரம் என் மருமகள் ரெஜினா வேலை பார்க்கும் கிண்டி ஆராய்ச்சிக்கூடத்தை ஊர்ஜனம் வந்து பார்க்கத் திறந்துவிட்டார்கள். பட்டினப்பாக்கத்து மீன் கடையைத் தங்கச்சி மேரியிடம் விட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் போகாமல் விஞ்ஞானம் எப்படி வளரும்?

போர்டில் இருந்ததை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ரெஜினாவே சொல்லிவிட்டாள். கார்பனில் தலைமுடியைவிட மெல்லிய குழாய் செய்கிறார்கள். அது மருந்தைச் சுமந்துபோய்ப் புற்றுக்கட்டியிலேயே இறக்கிவிடுமாம். ரொம்பச் சமர்த்து! ஆனால் இறக்கிய பிறகு கிளம்பாது... நுரையீரலில் உட்கார்ந்து புண்ணாக்கினாலும் ஆக்கும். சில சொந்தக்காரர்கள் மாதிரி. அதனால் குழாயின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் மாற்றி, நம் ரத்தத்து வெள்ளையணுவே அதை அரித்துத் தீர்க்கும்படி செய்வதுதான் அவள் வேலை.

மேசைமேல், ஸ்டாண்டில் இரண்டு பாட்டில். ஒன்றில் கறுப்புத் தண்ணீர். இன்னொன்றிலும் அதேதான் — வெள்ளையணுவின் என்சைம் சேர்த்தது. அது மட்டும் பளிங்கு!

"பாருங்க, கார்பன் மொத்தமும் கரைஞ்சிருச்சு. இனிமே பேஷண்ட்டுக்குப் பயமே இல்லை" என்றார் அவளுடைய புரொஃபசர். கோட்டு, டை, பக்கத்தில் போட்டோகிராபர். ஒரே கைதட்டல். அதில் என் சத்தம்தான் பெரிது. கையோடு மேரிக்குப் போன் வேறு: "நம்ம ரெஜினா கரைச்சிட்டாடி! மார்க்கெட் ஃபுல்லா சொல்லு!"

ரெஜினா தட்டவில்லை.

"சார், இன்னும் டெஸ்ட் முடியல..."

"அதெல்லாம் அப்புறம்மா. போட்டோவுக்குச் சிரி."

அவள் சிரிக்கவில்லை. தெளிந்த பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். ஸ்டாண்டு மறைத்திருந்த அடியில் கரையாமல் படிந்திருந்ததெல்லாம் எழும்பி... மறுபடி கறுப்பு!

"இப்ப இது ரொம்ப முக்கியமா?" என்று பல்லைக் கடித்தார் அவர்.

"நாளைக்கு இது மனுஷங்க உடம்புல போகணும் சார்."

பஸ்ஸில் வரும்போது, "அத்தே, என்னை இந்த வேலையிலேர்ந்து தூக்கிடுவாரு" என்றாள்.  அவள் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மார்க்கெட்டில் கடை கடையாகப் போய், "இன்னும் கரையலடி" என்று சொன்னேன்.

"இன்னாக்கா, கரையலன்றத போயி இம்மாம் பெருமையா சொல்லிக்கினு கீற?" என்றாள் மேரி.

பின்னே? புரொஃபசர் இன்னும் ரெஜினாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அவளோ புதுக் குழாய், புது என்சைம் என்று முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். 'கரைந்துவிட்டது' என்று ரெஜினா சொல்லும் அன்று, முதல் ஊசிக்கு நானே கையை நீட்டுவேன்.

புரொஃபசர் சொன்னால்... முதலில் அவர் கோட்டைக் கழற்றிக் கையை நீட்டட்டும்.