பின்பக்கம் அச்சாகாத கதைகள்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த புது ஆங்கிலப் புத்தகத்தை மகள் நேற்று மேசைமேல் போட்டாள். நான் எடுத்து முதலில் முகர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி, கண்ணுக்கு முன்னால் மூக்கு போய்விடும். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஆங்கிலப் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி என்று போட்டிருந்தது. படத்தைப் பார்த்து ஊகி, தெரியாத வார்த்தையில் நிற்காதே, அடுத்து என்ன வரும் என்று யோசி, படித்ததை உன் வார்த்தையில் சொல். “இத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வரச் சொல்லிருக்காங்கம்மா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து செய்திருக்கிறோம். அதற்கு இப்படியெல்லாம் பெயர் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

மை வாசனை என்றால் எனக்கு அண்ணனுடைய சட்டை. நாங்கள் அப்போது ஆமத்தூரில் இருந்தோம். அண்ணனுக்குச் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலை. அம்மா பட்டாசு கம்பெனிக்கு வேனில் போய் வருவாள். சாயங்காலம் எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்கும். அந்தக் கையால்தான் எங்களுக்குச் சோறு. ருசியில் ஒரு குறையும் இருந்ததில்லை.

அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்தாள். பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் பாஸ், ஆங்கிலம் மட்டும் போய்விட்டது. அது கிடைத்தால் நர்ஸ் படிப்புக்கு மனுப் போடலாம் என்பது அவள் ஆசை. அம்மா தடை சொல்லவில்லை, கெடு வைத்தாள். “இந்த ஒரு தடவ எழுது தாயி. வரலைன்னா எங்கூட வேன்ல ஏறிரு. போர்மேன்ட்ட சொல்லி வச்சிருக்கேன்.” அம்மா கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவள் கையில் இருந்த ஒரே சிபாரிசு அதுதான். ஆனால் காலையில் வேன் ஹாரன் கேட்டாலே மதினியின் முகம் சுருங்கிப்போகும்.

நான் விருதுநகரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. உண்மையில் கடைப் பலகையைத் தாண்டி எனக்கு ஒன்றும் ஓடாது. மதினியோ ஒவ்வொரு வார்த்தைக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுதிக்கொண்டே போவாள். ஒரு வார்த்தை தெரியாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அகராதியில் அதைத் தேடிப் பிடித்துத் திரும்பும்போது வரியின் முன்பாதி மறந்திருக்கும்.

அண்ணன் அச்சகத்திலிருந்து வேஸ்ட் தாள்களைக் கொண்டுவருவான். கலர் சரியாக விழும் வரை ஓட்டிக் கழிக்கும் பெரிய தாள்கள். அலமாரிக்கு விரிக்க, பலகாரம் காயப்போட எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த வருஷம் ஏதோ வடநாட்டு ஆர்டர், பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கதைப் புத்தகம். வெட்டி மடிக்காத தாள் என்பதால் எட்டுப் பக்கங்கள் ஒன்றாக இருக்கும். நாலு பக்கம் நேராக, நாலு பக்கம் தலைகீழாக. ஒன்றாம் பக்கம் இருக்கும், இரண்டும் மூன்றும் இருக்காது, அவை அச்சாகாத பின்பக்கத்துச் சங்கதி. பிறகு நாலும் ஐந்தும் இருக்கும், ஆறும் ஏழும் இருக்காது.

ஒரு நாள் வடகம் காயப்போட விரித்த தாளில் குடையோடு ஒரு கரடியைப் பார்த்தோம். வடகத்தை மறந்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்கு நேராக இருந்த பக்கங்கள் எனக்கு, மதினிக்கு நேராக இருந்தவை அவளுக்கு. ஆரம்பமும் முடிவும் என் பக்கம், நடுக்கதை அவள் பக்கம். நான் வாசித்தேன். கரடி ஆசையாகக் குடை வாங்குகிறது. என்னுடைய அடுத்த பக்கத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறது. நடுவில் என்ன ஆயிற்று?

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள், “மாமியாக்காரி கொடைய பிடுங்கிருப்பா.”

மதினி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்து, வழக்கம்போல ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள். “இது என்னன்னு தெரியலையே. அகராதிய எடுங்க.”

“அது கெடக்கு, விட்டுட்டு மேல போத்தா” என்றாள் அம்மா. “எனக்கு உலை கொதிக்கிது. கொட கெடச்சுச்சா இல்லையா?”

மதினி திகைத்துப்போனாள். ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போகலாம் என்று அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. படத்தைப் பார்த்தாள், அடுத்த வரியைப் பார்த்தாள். “தண்ணியில போகுது அத்தை. மெதந்து போகுது... ஆங், அந்த வார்த்தை மெதக்குறதுதான் போல!” என்று கத்தினாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் வடகம் போடவே இல்லை.

அதன்பிறகு தினமும் ஒரு தாள். இல்லாத பக்கங்களை அம்மா தாராளமாக நிரப்புவாள். அவள் கதையில் முயலுக்குச் சொத்துத் தகராறு வரும், சிங்கம் பட்டாசு சீசன் முடிந்து போனஸ் வாங்கும். “அப்படி இருக்காது அத்தை, அடுத்த பக்கத்துல சிங்கம் பட்டினியா கெடக்கே” என்று மதினி வரியைக் காட்டி மறுப்பாள். அம்மா விடமாட்டாள். “அதான் போனஸ் தீந்துருச்சுல்ல.” இப்படி மல்லுக்கட்டியே மதினிக்குப் படிப்பு ஓட ஆரம்பித்தது. கூடவே எனக்கும்.

பரீட்சை அன்று அம்மா வேலைக்குப் போகாமல் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள். மதினி வெளியே வந்ததும், “என்னத்தா வந்துச்சு?” என்றாள்.

“ஒரு தபால்காரரு அத்தை. பைய தொலச்சுட்டாரு. நெறைய வார்த்தை புரியல, நிக்காம போயிட்டேன்.”

“பை கெடச்சுச்சா?”

“தெரியல அத்தை. பத்தி அங்கனயே முடிஞ்சு போச்சு.”

“பரீட்சையிலயும் பாதிக் கதைதான் குடுக்காங்களா!” என்று அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்து வாசலில் நின்ற பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள்.

மதினி பாஸ். அம்மா வேன் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். பிறகு மதினி மதுரைக்கு நர்ஸ் படிக்கப் போனாள். படித்து முடித்ததும் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அண்ணனும் அங்கேயே ஒரு அச்சகத்தில் சேர்ந்துகொண்டான். வீட்டில் நானும் அம்மாவும்தான். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா, “இன்னைக்கு ஒண்ணும் வாசிக்கலையா?” என்று கேட்பாள். மதினி இல்லாமல் எனக்குத் தனியாக வாசிக்க வரவில்லை.

இப்போது அம்மாவும் இல்லை. அச்சகங்களில் வேஸ்ட் தாளை அங்கேயே கட்டி எடைக்கு அனுப்பிவிடுகிறார்களாம். தெரியாத வார்த்தையை மகள் போனிடம் கேட்டுக்கொள்கிறாள், யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மதினி எப்போதாவது வீடியோவில் வருவாள். “சாப்பிட்டீகளா?” என்பதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் பாஸாக வேண்டுமென்று யாருக்கும் தெரியாமல் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவள் நான். பாஸானால் அவள் போய்விடுவாள் என்பது மட்டும் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.