குளிரில் என் விரலை மறுத்த கதவு

என் மனைவி இன்சுலின் போட்டுக்கொண்டால் சற்று நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். அன்று காலை ஊசி போட்டாயிற்று, இட்லியும் தயார். ஆனால் காபி இல்லாமல் அவளுக்கு எதுவும் இறங்காது, பால் இல்லாமல் காபி இல்லை. பால் வாங்க நான் வெளியே போனேன். வெள்ளிமலையில் மார்கழிப் பனி எதிரே வரும் ஆளை மறைக்கும். பால் வண்டி தாமதமாக வந்தது. நான் திரும்பியபோது கதவு என்னை உள்ளே விடவில்லை.

ஓய்வுக்காலத்துக்கென்று மலையில் நாங்கள் கட்டிய வீடு அது. மகன் அதற்கு வாங்கி மாட்டியது கைரேகைப் பூட்டு. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலை வைத்தேன். பூட்டிலிருந்து ஒரு பெண் குரல் மறுபடி முயலச் சொன்னது. ஓய்வூதியத்துக்காக, நான் இன்னும் சாகவில்லை என்று ஆண்டுதோறும் கருவூலத்துக்குச் சாட்சி சொல்லும் விரல்தான் அது. குளிரில் தோல் வறண்டு ரேகை மங்கியிருந்தது. ரேஷன் கடையில் எல்லோரும் செய்வதுபோல் தலைமுடியில் தேய்த்து வைத்தேன். வாயால் ஊதினேன், பூட்டின் கண்ணாடியில் ஆவி படிந்து இன்னும் மோசமாயிற்று. சில முறை தவறினால் பூட்டு கொஞ்ச நேரம் எந்த விரலையும் ஏற்காது என்பது விதி. கையேட்டை நான் படித்திருந்தேன். விதி தெரிந்தே அதில் போய் மாட்டினேன்.

மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவைத் திறக்க அவள் வரவில்லை. ஜன்னலுக்கு ஓடி அதன் கதவைத் தள்ளித் திறந்தேன். அவள் சாப்பாட்டு மேசைக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் முகமெல்லாம் வியர்வை.

"கதவத் தொறம்மா!"

அவள் என்னைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்: "யாருங்க? அவரு வூட்ல இல்லீங்க. பாலு வாங்கப் போயிருக்காரு."

சர்க்கரை தாழ்ந்து அவளுக்குப் புத்தி கலங்கியிருந்தது. கதவுக்கு ஓடினேன். பூட்டில் விரலுக்கு மாற்றாக இருந்த எண் பலகையைத் துண்டால் துடைத்து ரகசிய எண்களை அழுத்தினேன். பாதியில் விளக்கு அணைந்தது. குளிரில் பேட்டரி படுத்துவிட்டது.

சாவித் துளை உண்டு. சாவி கள்ளக்குறிச்சியில் இருந்தது. நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன். பெட்டக அறையின் மாற்றுச் சாவி அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது. உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, வேறோர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுச் சாவிகள் இரண்டையும் அப்படியே முத்திரையிட்டு மைத்துனனிடம் ஒப்படைத்து, கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அவனுக்குப் போன் செய்தேன்.

"கவரு பீரோல பத்திரமா இருக்குது மாமா. பிரிக்கவா?"

"பிரிச்சு எடுத்துக்கினு ஓடி வாடா!"

"போன்ல சொன்னா பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதி வாங்கினீங்க?"

"டேய், உங்க அக்கா உள்ள வுழுந்து கெடக்குறா!"

மறுமுனையில் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. பனியில் மலை ஏறி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் அவளிடம் இல்லை.

பக்கத்து நிலத்துக்காரி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "இன்னா சாரு, காலங்காத்தால பூட்டுகிட்ட சண்ட போட்டுக்கினு இருக்கீங்க?" என்று சிரித்தவள், ஜன்னலில் எட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். வெல்லமும், இருப்பதிலேயே நீளமான கழியும் கேட்டேன். ஓடினாள்.

ஜன்னல் கம்பிகள் நான் சொன்ன அளவில் போட்டவை. பூனைகூட நுழைய முடியாது. கழி மட்டும் நுழைந்தது. நுனியில் வெல்லத்தைக் கட்டி மெல்ல நீட்டி அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாணாங்க. எனக்கு சுகரு ஜாஸ்தி. இனிப்பத் தொட்டா அவரு திட்டுவாரு."

அந்த உத்தரவும் என்னுடையதுதான். கெஞ்சினேன், அதட்டினேன். முன்பின் தெரியாத ஆள் அதட்டினால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? அவள் கண்கள் செருகத் தொடங்கின.

"அவருதாம்மா குடுத்து அனுப்பிச்சாரு," என்றேன். "சாப்புடச் சொன்னாரு."

"அவரா சொன்னாரு?"

"அவரேதாம்மா."

வாயைத் திறந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பினாள். நான் கழியை அசைக்காமல் பிடித்திருந்தேன். பக்கத்து நிலத்துக்காரி இன்னொரு துண்டை உடைத்துத் தயாராக வைத்திருந்தாள். அதுவும் தீர்ந்த பிறகுதான் மனைவியின் கண்ணில் தெளிவு வந்தது. சுவரைப் பிடித்து எழுந்து, உட்புறக் கைப்பிடியைத் திருப்பினாள். கதவு திறந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"யாரோ ஒருத்தரு வந்தாருங்க. நீங்க வெல்லம் குடுத்து அனுப்பிச்சீங்கன்னாரு. எங்க அவரு?"

"போயிட்டாரு."

"இருக்கச் சொல்லக் கூடாதா? குளுருல நின்னுக்கினே இருந்தாரு, பாவம்."