சப்டைட்டில் வைத்த பரீட்சை

எங்கள் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ‘சப்டைட்டில்’ என்றால்தான் திரும்புவான். யார் என்ன சொன்னாலும், அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று அடியில் ஒரு வரி ஓட்டுவது அவன் பழக்கம். “இன்னிக்குக் கடையில ஆளே இல்ல” என்று நான் பெருமூச்சு விட்டால், “அக்காவுக்கு யாராவது டீ வாங்கித் தரணுமாம்” என்பான். உண்மையும் அதுவாகத்தான் இருக்கும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. சாயங்காலம் வேலை முடிந்ததும் கிரீஸ் வாடையோடு வந்து, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொள்வான். பக்கத்து மருந்துக்கடைக்காரரும் வந்துவிடுவார். பேச்சு ஒன்றே ஒன்றுதான், மலையாளப் படம். சப்டைட்டில் சொல்லும் படத்தைப் பார்ப்பதும், பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவதும்தான் எங்கள் பொழுது. எல்லோரும் பார்த்து முடிக்கிற வரை முடிவை வாயால் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டதும் அவன்தான்.

“ஒருத்தன் வீட்டுக்கு வர்றான், செருப்பைக் கழட்டறான், பொண்டாட்டி கதவைத் தொறக்க லேட் ஆகுது. அவ்வளவுதான் சீன். ஆனா அவங்களுக்குள்ள பேச்சு நின்னு போச்சுன்னு நமக்குத் தெரிஞ்சிடுது. வேற யாரு இப்படி எடுப்பாங்கக்கா?” என்று அவன் கேட்கும்போது, வந்த வாடிக்கையாளர்கள்கூடக் கண்ணாடியை மறந்து நிற்பார்கள். என் வியாபாரம் கெட்டதுதான் மிச்சம். ஆனாலும் அவனை எழுந்து போகச் சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை.

அவனுக்கு இருந்தது ஒரே தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, மாப்பிள்ளை தேட ஆரம்பித்தான். அங்கேதான் பிடித்தது சனி. வருகிற மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்க மாட்டான், குடும்பம் கேட்க மாட்டான். உட்கார வைத்து, இருப்பதிலேயே மெதுவாக நகரும் மலையாளப் படம் ஒன்றைப் போட்டுவிடுவான். முதலில் வந்த பேங்க் பையன் அரை மணி நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். அடுத்து வந்தவன், “ஃபைட் எப்ப வரும்?” என்று கேட்டான். இரண்டு பேரும் ஃபெயில்.

“படம் பாக்கத் தெரியலேன்னா பொண்ணு குடுக்க மாட்டியாடா? நல்லா இருக்குடா உன் நியாயம்” என்று நான் கத்தினேன்.

“பொறுமைக்கா. எதிர்ல இருக்கறவ வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் ஒருத்தனால காத்துக்கிட்டு இருக்க முடியுதான்னுதான் பாக்கறேன். படத்துல முடியலேன்னா வாழ்க்கையில மட்டும் முடிஞ்சிடுமா?”

கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பைத்தியக்காரத்தனம் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பைத்தியக்காரத்தனம்தான்.

அந்தச் சமயத்தில்தான் ‘ஷோரூம்’ எங்கள் கடைக்கு வந்தான். இரண்டு தெரு தள்ளி ஸ்கூட்டர் விற்கும் ஷோரூமில் சேல்ஸ்மேன். கண் மங்கலாகத் தெரிகிறது என்றான். நான் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. சொன்னேன். “பரவால்லக்கா, சும்மா பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு போட்டுக்கறேன்” என்று வாங்கிக்கொண்டான். வருகிற வியாபாரத்தை யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த வாரம் கண்ணாடியைத் துடைக்க வந்தான், அப்புறம் ஸ்க்ரூ லூஸ் என்று வந்தான், அப்புறம் சும்மாவே வந்தான். எங்கள் பேச்சில் கலந்துகொண்டான்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையாகப் பேசுவான். நாங்கள் கவனிக்காத இடத்தைச் சொல்லுவான். “அந்த அம்மா அழவே இல்ல, துணி மடிச்சுக்கிட்டே இருக்காங்க, அதுதான் அழுகை” என்பான். சப்டைட்டிலுக்குக் கண் கலங்கிவிடும். மூன்று வருஷம் இப்படியே போனது. ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்து, அவன் தோளில் கை போட்டு, சப்டைட்டிலே கேட்டுவிட்டான்.

“என் தங்கச்சியைக் கட்டிக்கிறீங்களா மாப்ள?”

ஷோரூம் தலையைக் குனிந்துகொண்டான். “நீங்க சொன்னா சரிண்ணே” என்றான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி. வீட்டிலும் அப்படியே. தங்கை, “உன் இஷ்டம்ணா” என்றாளாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி துள்ளிக்கொண்டு திரிந்தான் எங்கள் சப்டைட்டில். கல்யாணத்துக்கு மண்டபமும் பேசியாகிவிட்டது.

அண்ணனும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேர்ந்து படம் பார்ப்பது வழக்கம். அவள் கால் நீட்டித் தரையில் உட்கார்வாள், அவன் பின்னால் நாற்காலியில். நடுவில் போன் எடுக்க மாட்டாள், சமையலறைக்கு எழுந்து போக மாட்டாள். “என்னைவிட அவ நல்லாப் பாப்பாக்கா” என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. ஊரில் தனக்கு ஒரு ஆள் துணை இருக்கிறது என்ற நிம்மதி அந்தப் பேச்சில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தது ஒரு படகோட்டியின் கதை. மகளோடு சண்டை போட்டுக்கொண்டு அப்பா வீட்டை விட்டுப் போய்விடுகிறார். மகள் தினமும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள். கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது சப்டைட்டிலுக்குப் போன் வந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நடுவில் நின்றுபோய், உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். படத்தை நிறுத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே, “முடிவு என்னவா இருக்கும், சொல்லு” என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறான்.

“வந்துடுவாருண்ணா. மழைல நனைஞ்சுக்கிட்டே வருவாரு. கதவைத் தட்டாம வாசப்படியில உக்காந்திருப்பாரு” என்றாளாம் தங்கை. சிரித்துக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது அவள் டூட்டிக்குப் போயிருந்தாள். மீதியைத் தனியாகப் பார்த்தான். அப்பா வரவில்லை. மகள் ஒருநாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறாள். படம் அதோடு முடிந்துவிடுகிறது.

மறுநாள் சாயங்காலம் கடையில் எல்லோரும் இருந்தோம். எல்லோரும் பார்த்தாயிற்று என்று தெரிந்ததும் பேச்சை ஆரம்பித்தது ஷோரூம்தான்.

“கடைசியில அந்த அப்பா மழைல நனைஞ்சுக்கிட்டே வந்து, கதவைக்கூடத் தட்டாம வாசப்படியில உக்காந்திருந்தாரு பாருங்க. நான் அழுதுட்டேண்ணே.”

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “எந்தப் படத்தப்பா பாத்த? அந்த ஆளு வரவே இல்லியே!” நானும் சிரித்தேன். சப்டைட்டில் மட்டும் சிரிக்கவில்லை. டீ டம்ளரை மேஜைமேல் வைத்தான். ஷோரூமையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்விட்டான். ஷோரூம் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் போன பிறகு ஷோரூமை உட்கார வைத்து உலுக்கினேன். கொட்டிவிட்டான். தங்கை அவனிடம்தான் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அண்ணன் வைக்கும் பரீட்சை அவளுக்குத் தெரியும். இவனுக்கோ டிவி முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் குறட்டை வந்துவிடும். அதனால் அவளேதான் என் கடைக்கு அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்து, இடம் இடமாகப் போனில் சொல்லியிருக்கிறாள். அந்தத் துணி மடிக்கிற அழுகைகூட அவள் சொன்னதுதான். இந்த முறை முடிவைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. எப்படியும் இப்படித்தான் முடியும் என்று நம்பி, தான் நினைத்ததையே சொல்லி அனுப்பிவிட்டாள்.

“ஒரு படமாவது பாத்தியாடா?”

“இல்லக்கா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடியை அவன் மூக்கிலிருந்து பிடுங்கிவிட்டேன். காசு கொடுத்து வாங்கியது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் சப்டைட்டில் போன் செய்தான். “வீட்டுக்கு வாங்கக்கா. தனியாக் கேட்டா கத்திடுவேன்.” போனேன். தங்கை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்றான்.

“குடுத்திருக்க மாட்டண்ணா. அவரையும் உக்கார வச்சுப் படம் போட்டிருப்ப. தூங்கியிருப்பாரு. வேணாம்னு சொல்லியிருப்ப. என்னை ஒரு வார்த்தை கேட்டியா, எனக்கு எப்படிப்பட்டவன் வேணும்னு?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் அது தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது எனக்கு. மூன்று வருஷம் ஒரு மனுஷனை நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, நியாயம் பேசினால் அறுந்த கழுத்து ஒட்டிக்கொள்ளுமா?

சப்டைட்டில் கத்தவில்லை. “கல்யாணம் நடக்கும். குடுத்த வார்த்தை குடுத்ததுதான்” என்றான். பிறகு கேட்டான்.

“அதை விடு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. என்கூட உக்காந்து இத்தனை படம் பாத்தியே, ஒண்ணாவது உனக்குப் புடிச்சுதா?”

பாவி, ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை சொன்னவளுக்கு இன்னொன்றா பாரம்?

“தெரியலண்ணா. அவர்கிட்ட தப்பாச் சொல்லிடக் கூடாதேங்கற பயத்துலயே பாத்தேன். புடிச்சுதா இல்லியான்னு நெனைக்கவே இல்ல.”

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். மாப்பிள்ளை ஏமாற்றியதை அவன் தாங்கியிருப்பான். வெளியாள்தானே. தனக்கு முன்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள் தன்னோடு உட்காரவே இல்லை என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஷோரூம் நல்லவன்தான், அவளைக் கண் கலங்காமல் வைத்திருக்கிறான். சப்டைட்டில் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தாலும் லிஃப்ட் கதை, வெயில் கதை. யாராவது நல்ல மலையாளப் படம் சொல்லுங்கள் என்று கேட்டால், “மருந்துக்கடைக்காரரைக் கேளுங்க” என்று தள்ளிவிடுவான்.

போன வாரம் வந்தான். முகம் சரியில்லை.

“தங்கச்சி நேத்து வந்திருந்தாக்கா. தனியா. ‘படம் போடுண்ணா, இப்ப யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, உன்கூட நெஜமாப் பாக்கணும்’னா.”

“நல்லதுதானேடா. போட்டியா?”

“போட்டேன். அதே மாதிரி கீழ உக்காந்தா. நான் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டேன், மூஞ்சி தெரியற மாதிரி. ஒரு இடத்துல அழுதாக்கா. தேம்பித் தேம்பி அழுதா.”

“என்ன சீன்?”

“தெரியாதுக்கா. நான் படம் பாக்கவே இல்ல. அவ அழறது நெஜமா, எனக்காக அழறாளான்னு அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.