முத்துராஜ் அடித்த கருநீலம்

முத்துராஜுக்குக் கதை வேண்டாம். நல்லவன் ஜெயிப்பான், கெட்டவன் சாவான், நடுவில் தங்கையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஜங்லிகாட்டில் டிவி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒரு சண்டைப் படத்தை என் வீட்டில் பதினோரு தடவை பார்த்தான். பாதியில் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய், பெயிண்ட் அப்பிய விரல் நகத்தை வைத்து நிறம் பார்ப்பான். திரையில் கறை படுகிறது என்று என் மனைவி ஷீலா கத்துவாள். அவன் காதில் விழாது.

"ஸ்டோரி சோடோ யார், அதை விடு. இந்தக் கலரைப் பாரு" என்பான்.

எரிச்சலாக இருக்கும். ஆனால் அவன் சொன்ன பிறகு எனக்கும் கண்ணில் பட ஆரம்பித்தது. செங்கல் சூளையில் நடக்கும் சண்டையில் அடியாட்கள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. அடி விழ விழச் சட்டைகள் செங்கல் நிறத்துக்கு மாறும். கடைசி ஆளும் சிவந்த பிறகுதான் சண்டை முடியும். ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் காட்டமாட்டார்கள். கடைசிச் சண்டைக்குக் கதாநாயகன் படகில் வருவான். பொழுது சாய்கிற நேரம். கடலும் கருநீலம், படகும் கருநீலம். எது தண்ணீர், எது பலகை என்று தெரியாது. ஒரு மனிதன் மட்டும் கடல்மேல் நின்றபடி வருவான். அந்த இடத்தில் முத்துராஜ் மூச்சுவிடமாட்டான். நானும்தான். படம் எடுத்தவனுக்குக் கதை எழுதத் தெரியாது, ஆனால் கண் இருந்தது.

முத்துராஜுக்கு ஐம்பத்தொரு வயது. அப்பா ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். பதினாறு வயதிலிருந்து இவனுக்கு ஒரே வேலை, ஜங்லிகாட் ஜெட்டி என்கிற படகுத்துறையில் படகுக்குப் பெயிண்ட் அடிப்பது. கையில் வித்தை இருந்து என்ன? படகுக்கு இன்ன நிறம்தான் என்று விதி இருக்கிறது. தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தவேண்டும், நம் படகா திருட்டுப் படகா என்று தெரியவேண்டும். வருஷக்கணக்கில் அதையே அடித்து அவனுக்கு வெறுத்துப்போயிருந்தது. "கல்யாண வீட்டு லட்டு மாதிரி இருக்கு" என்று காறித் துப்புவான்.

அந்தக் கருநீலத்தைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. கறுப்பு, நீலம், துளி பச்சை, பளபளப்பு வராமல் இருக்க என்னவோ தூள். பலகையில் பூசிச் சாயங்காலம் கடலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பலகை இருந்த இடம் தெரியவில்லை. பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. "சபாஷ்டா" என்றேன். அப்படிச் சொன்ன வாயை நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

அடிக்கப் படகு வேண்டுமே. அவன் தங்கை பவானியின் புருஷன் குணா, டுங்கி என்று நாங்கள் சொல்கிற தன் எஞ்சின் படகைக் கரையேற்றிப் பழைய பெயிண்டைச் சுரண்டி வைத்திருந்தான்.

"மாட்டுனா ஃபைன் போடுவாங்க மச்சான்" என்றான் குணா.

"ஒரு ஹஃப்தா மச்சான், ஏழே நாள். வீடியோ எடுத்துட்டு நானே பழையபடி அடிச்சுத் தர்றேன்."

"கடலுக்குப் போற படகுல விளையாடாத அண்ணே" என்றாள் பவானி. அவள் பேச்சை யார் கேட்டார்கள்? அடித்து முடித்த சாயங்காலம் ஜெட்டியே கூடி நின்றது. குணா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகின் முன்முனையில் நின்றான். நான்தான் ஃபோனில் எடுத்தேன். படத்தில் வந்த மாதிரியே வந்தான். முத்துராஜ் சந்தோஷத்தில் அழுதுவிட்டான்.

ஏழு நாள் முடிந்தது. பழைய நிறத்துப் பெயிண்டை வாங்கிவைத்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் என்றான் முத்துராஜ். அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. மீன் வரத்து நன்றாக இருந்ததால் குணாவும் காத்திருக்கவில்லை. அழகையா என்கிற பழைய கூட்டாளியை ஏற்றிக்கொண்டு ஒன்பதாம் நாள் விடியலில் புறப்பட்டான். மறுநாளும் திரும்பவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. தேடப் போகிற கடலோரக் காவல்படைக்காரர் விவரம் எழுதிக்கொண்டே, படகு என்ன நிறம் என்று கேட்டார். முத்துராஜ் சொன்னான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர்கள் புறப்பட்ட ஆறாம் நாள் ஒரு சரக்குக் கப்பல், கிட்டத்தட்ட மோதுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் படகைக் கண்டது. உள்ளே அழகையா மட்டும் இருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் பேசினார். பவானி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். முத்துராஜ் ஜன்னலோரம், நான் கதவருகே.

"எஞ்சின் நின்னுபோச்சு. ஹெலிகாப்டர் ரெண்டு வாட்டி தலைக்கு மேலயே போச்சு. சட்டையக் கழட்டி ஆட்டுனோம். நாலாம் நாள் பொழுது சாயுறப்ப தேடுற போட் வந்துச்சு. அதுல நின்னவன் எங்க பக்கந்தான் பாத்தான். பாத்துட்டுத் திரும்பிட்டான். குணாவால தாங்க முடியல. நீந்திப் போய்ப் புடிச்சுர்றேன்னு குதிச்சுட்டான். பாதி தூரம்கூடப் போகல..."



"அந்த போட் எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?" என்று முத்துராஜ் கேட்டான்.

"அரைக் கிலோமீட்டர் இருந்தா ஜாஸ்திப்பா."

"அப்பவும் தெரியலையா?"

அழுதுகொண்டுதான் கேட்டான். ஆனால் அந்தக் குரலில் இன்னொன்றும் இருந்தது. பதினோரு தடவை அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தவனுக்கு அது தெரியாதா? சாயங்காலம், கடல், படகு என்று அவன் கண் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அவனால் அதை நிறுத்த முடியவில்லை.

பவானி நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தன் கண்ணுக்கும் படல" என்றாள். "நல்லா அடிச்சிருக்க அண்ணே."